பழைய வால்பேப்பரை உரிக்கும் முன் ஒரு நிமிடம்!



ரமலான் நெருங்கினால் நம் வீடுகளில் பெயிண்ட் வேலை தொடங்கிவிடும். முன்பு ஆசையாக ஒட்டிய, செங்கல்போல் மேடுபள்ளமான வால்பேப்பர் ஓரம் கிழிந்து தொங்கும். "நாமே சுரண்டினால் ஒரு நாள் கூலி மிச்சம்" என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. ஆனால் சுவரைக் காய்ந்தபடியே சுரண்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஏன் ஆபத்து?

பழைய வீடுகளில் வால்பேப்பருக்கு அடியில் எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கக்கூடும். நிறத்துக்காகவும் சீக்கிரம் உலர்வதற்காகவும் அதில் ஈயம் சேர்ப்பதுண்டு. பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உலர்வாகத் தேய்த்தால் அது நுண்ணிய தூளாகித் தரையிலும் பாயிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைத்தால் போதும், உடலுக்குள் போய்விடும். மூளை வளர்ச்சி பாதிக்கும், படிப்பில் கவனம் குறையும், இரத்தசோகை வரும். கர்ப்பிணியிடமிருந்து கருவுக்கும் செல்லும். பாதிப்பில்லாத ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்படி உரிப்பது?

1. அறையைக் காலி செய்யுங்கள். நகர்த்த முடியாத பீரோவை பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். வேலை முடிந்து சுத்தம் செய்யும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே வர வேண்டாம்.

2. தண்ணீர் படும் வேலை என்பதால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

3. மேலுள்ள பிளாஸ்டிக் தோலை ஓரத்திலிருந்து மெல்ல இழுங்கள். சுவரில் நிற்கும் அடித்தாளை வெதுவெதுப்பான நீரால் நனைத்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பட்டி பிளேடைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள். வராவிட்டால் மறுபடி நனையுங்கள். பலம் கொடுத்தால் பூச்சு பெயர்ந்துவிடும்.

4. உறுதியாக இருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். உரியும் இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். மெஷின் வேண்டாம்.

5. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கழிவை எரிக்காமல் மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கை, முகம் கழுவி, உடை மாற்றாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

உரித்த இடத்தில் பூசணமோ ஓதமோ தெரிந்தால் முதலில் நீர்க்கசிவைச் சரிசெய்து, சுவரை நன்கு காயவிடுங்கள். அதை மூடி மறுபடி ஒட்டினால் பணம்தான் வீண்.

ஆள் வைத்துச் செய்கிறீர்களா?

நாள் முழுக்க அந்தத் தூளைச் சுவாசிப்பவர் பெயிண்டர்தான். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். நனைத்துச் செய்தால் வேலை கொஞ்சம் இழுக்கும், அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுங்கள். நம் சுவர் பளபளக்க இன்னொரு வீட்டுத் தகப்பனின் உடல்நலம் கெடக் கூடாது.

அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் உழைப்போரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.