மார்கழிப் பனியிலும் அடங்காத கரப்பான்

மார்கழி பிறந்தால் பூச்சி பொட்டு அடங்கிவிடும் என்பது மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் பலிக்காது. வெளியே பனி கொட்டினாலும் அடுப்படிக்குள் வெதுவெதுப்பு குறைவதில்லை. அதற்கு முன்பே ஐப்பசி, கார்த்திகை மழை சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் நிரப்பிவிடும். அங்கே கிடந்த பெரிய செங்கரப்பான்கள் காய்ந்த இடம் தேடி, குழாய் வழியாகக் குளியலறைக்கு ஏறி வரும்.

அடுப்படியில் பெருகுவது வேறு வகை. வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு, விரல் நகம் அளவு உடம்பு. ஒரு முட்டைப் பையிலிருந்து 30, 40 குஞ்சுகள் வரும். இரவு பதினொரு மணிக்கு விளக்கைப் போடாமல் டார்ச்சுடன் போய் ஃபிரிட்ஜ் மோட்டாரின் பின்புறம், கேஸ் அடுப்பின் அடிப்பக்கம், மிக்ஸியின் அடி மூடி மூன்றையும் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது கரப்பான் எச்சம். அந்த எச்சமும் உதிர்ந்த தோலும் காற்றில் கலந்து, குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைக்கும் மாதங்களில் இதன் பாதிப்பு அதிகம்.

ஆனால் கரப்பானைவிட எனக்குக் கவலை தருவது, அதைக் கொல்ல நாம் கையில் எடுக்கும் விஷம்தான். வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அடுப்படியில் அடிக்கும் பழக்கம் ஆபத்தானது. ஒரு காலத்தில் வீடுகளிலும் புழங்கிய டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய பாட்டில் பரணில் கிடந்தாலும் தொடக் கூடாது. ஸ்பிரே டின்னில் எரிவாயு இருப்பதால், அடுப்பு எரியும்போது அடித்தால் தீப்பிடிக்கும். பூச்சி மருந்து சாக்பீஸ், குழந்தையின் கண்ணுக்கு எழுதுகிற சாக்பீஸ்தான். காலி டின்னைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவினால் மீனும் இறாலும் சாகும்.

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, தனியார் நிறுவன ஆட்கள் எலி மருந்து வைத்துப் போன வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அது எலிக்கு வைத்தது என்றாலும், கரப்பானுக்கு ஆள் கூப்பிடுகிறவர்களும் மறக்கக் கூடாத சம்பவம். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பூச்சி ஒழிப்புத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். வருகிறவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தயங்குகிறவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

குழந்தை இந்த மருந்து எதையாவது வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மருந்து டின்னையும் லேபிளையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய அது பெரிதும் உதவும்.

விஷமில்லாத வேலை முதலில் தண்ணீரை நிறுத்துவது. கரப்பான் பட்டினி தாங்கும். தாகம் அவ்வளவு தாங்காது. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றி, இரவில் சின்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள். தரைச் சல்லடையை மூடி, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு வலை கட்டுங்கள். கருவாட்டை இறுக்கமான டப்பாவில் வையுங்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அட்டைப் பெட்டிகளைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும். முட்டைப் பைகள் அவற்றின் மடிப்பில் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் ஸ்பிரேயைவிட ஜெல் நல்லது. கைக்கு எட்டாத இடுக்குகளில் சிறு சிறு பொட்டாக வைத்தால் போதும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அதைத் தின்ன வராது.

வாடகை வீட்டில் உடைந்த பைப்பை யார் மாற்றுவது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, பைப் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. வடிகால் சுத்தம் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளரிடம் கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாக விட்டுப்போன பூச்சி ஒழிப்பு நிறுவனத்தின்மேல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்.