தார் பூசிச் சவரம்! நடுக்கடலில் நடந்த கூத்து

விருதுநகரிலிருந்து நேர் தெற்கே போனால் கடல் வரும். கடலிலும் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், ஊரிலிருந்து சுமார் 1060 கிலோமீட்டரில் ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கோடு அது. பூமத்திய ரேகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான்!

இந்தக் கோட்டை முதல்முறையாகத் தாண்டுகிறவனை, அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கப்பல்களில் சும்மா விடமாட்டார்கள்.

கடல் ராஜா வருகிறார்!

பழைய மாலுமி ஒருவன் கடல் ராஜா வேடம் போடுவான். அவர் பெயர் நெப்டியூன். இன்னொருவன் சேலை கட்டாத குறையாக ராணி ஆவான். மூன்றாமவன் நாவிதர்.

புது ஆளின் கண்ணைக் கட்டி இழுத்து வருவார்கள். சோப்புக்குப் பதில் முகத்தில் தாரைப் பூசுவார்கள். கத்திக்குப் பதில் பீப்பாய்க்குப் போடும் இரும்புப் பட்டையால் சுரண்டுவார்கள். பிறகு தண்ணீரில் தலைகீழாகத் தள்ளுவார்கள்!

சூயஸ் கால்வாய் திறந்தது 1869ஆம் ஆண்டில்தான். அதற்கு முன், இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்னைக்கு வந்த ஒவ்வொரு கப்பலும் இந்தக் கோட்டை இரண்டு முறை தாண்டியது. நம்மிடம் அதிகாரம் செய்த துரைமார்களில் எத்தனை பேர் முகத்தில் தார் ஏறியதோ!

ஆனால் சாராயம் கொடுத்தால் தப்பிக்கலாம். 1768ஆம் ஆண்டு கேப்டன் குக்கின் கப்பலில் சென்ற ஜோசப் பாங்க்ஸ் பணக்காரர். அவர் பிராந்தி கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார். வேலைக்காரர்களை மீட்டார். நாய்களையும் மீட்டார்! ஆம், முக்குவதற்கு எழுதிய பட்டியலில் நாயும் பூனையும்கூட இருந்தன.

கொடுக்க வழியில்லாத ஏழை மாலுமிதான் தண்ணீரில் விழுந்தான்.

கேலி செய்த இருவர்

லண்டனில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற ஓவியர் இருந்தார். கேலிச் சித்திரத்தில் கெட்டிக்காரர். கோடு தாண்டும் இந்தக் கூத்தையும் 1825இல் படமாக்கினார்.

அதற்கு முன்பே, 1820இல், அவர் ஒரு படக்கதை வெளியிட்டார். அதற்கு யோசனை கொடுத்தவர் மாரியட் என்ற கடற்படை அதிகாரி. 14 வயதிலேயே கப்பலுக்குப் போனவர். எல்லாம் பட்டுத் தெரிந்தவர். பின்னால் 1824இல் பர்மா யுத்தத்துக்காகப் போர்க்கப்பலோடு நம் வங்கக் கடலுக்கும் வந்தார்.

கதையின் நாயகன் பெயர் ‘மாஸ்டர் பிளாக்ஹெட்’. தமிழில் சொன்னால் மரமண்டை!

வீட்டில் செல்லப்பிள்ளை. புதுச் சட்டை, புதுத் தொப்பி, வாளோடு கப்பல் ஏறுகிறான். உள்ளே போனால் இருட்டு, நெரிசல், கூச்சல். எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு. தப்புச் செய்தால் பாய்மர உச்சியில் ஏறி உட்கார வேண்டும். அதுதான் தண்டனை. நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டே காவல் நிற்கிறான்.

பார்த்தால் சிரிப்பு வருகிறது. கூடவே, பையன் மேல் பரிதாபமும் வருகிறது.

சிவகாசிக்காரர் கேட்பார்

அந்தப் படங்களை எப்படி அச்சடித்தார்கள்? சிவகாசிக்காரர் இதைக் கேட்காமல் விடுவாரா!

தாமிரத் தகட்டில் மெழுகு தடவி, ஊசியால் கீறினார்கள். அமிலம் ஊற்றினால், கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றிக் காகிதத்தை அழுத்தினார்கள். வண்ணத்தைப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கையால் தீட்டினார்கள்.

சிவகாசியில் முன்பு கல்லச்சு இருந்தது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால்தான் அங்கே அச்சகங்கள் பெருகின. எழுதப் படிக்கத் தெரியாதவரும் லேபிள் படத்தைச் சொல்லியே தீப்பெட்டி வாங்கினார்கள்.

லண்டனிலும் அதே கதைதான். படக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டம் கூடும். கடலையே காணாதவர்கள் கப்பலுக்குள் நடப்பதை அங்கே நின்று கண்டார்கள். காசில்லாமல்!

டார்வினும் தப்பவில்லை

1832 பிப்ரவரி 17. பீகிள் கப்பல் கோட்டைத் தாண்டியது. அதில் இருந்த இளைஞர் சார்லஸ் டார்வின். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. அவர் முகத்திலும் தாரும் பெயிண்டும் ஏறின. தண்ணீர் நிரப்பிய பாயில் கவிழ்த்தார்கள். ஆனாலும், மற்றவர்களைவிடத் தம்மிடம் இரக்கம் காட்டினார்கள் என்றே அவர் குறித்து வைத்தார். அந்தக் கப்பலில் இருந்த ஓவியர் அகஸ்டஸ் எர்ல் இந்தக் கூத்தை வரைந்தார். 1839இல் வெளிவந்த பயணப் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது.

இந்த வழக்கம் இன்றும் பல கப்பல்களில் விளையாட்டாக நடக்கிறது. விளையாட்டாக இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ‘எங்களுக்குச் செய்தார்கள், நாங்கள் உனக்குச் செய்கிறோம்’ என்ற பேச்சு கப்பலோடு நிற்கவில்லையே! கல்லூரி விடுதிகளில் அதற்குப் பெயர் ராகிங். 1996இல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவர் அதில் உயிரையே இழந்தார். 1997இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது.

மரமண்டை என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? கடைசியில் அவனுக்குப் பதவி உயர்வு! அதிகாரியின் புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிறான். இனி அவன் ஏறும் கப்பலில் வேறொரு புதுப் பையன் இருப்பான்.