செக் என்ஜின் லைட் எரிஞ்சால் சென்சரை மாத்தத்தான் வேணுமா?

மல்வேர்னில் பிள்ளைகளை ரியூஷனுக்கும் நீச்சலுக்கும் ஏற்றி இறக்குகிற பெற்றோருக்கு கார் இல்லாமல் ஒரு நாள் போகாது. மஞ்சள் என்ஜின் லைட் எரிந்தவுடன் வயிற்றைக் கலக்கும். கராஜில் கோட் ரீடரைப் பூட்டிப் பார்த்துவிட்டு, “பீ 0452 காட்டுது. டாங்க் பிரஷர் சென்சர் போயிட்டுது, மாத்த வேணும்” என்கிறார்கள். காசைக் கொடுக்க முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கோ.

அந்தச் சென்சர் என்ன செய்யுது?

பெற்றோல் தானாகவே ஆவியாகும். அந்த ஆவி வெளியே போய்க் காற்றை மாசாக்காமல், கரி நிரப்பிய ஒரு பெட்டி பிடித்து வைக்கும். என்ஜின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து, ஆவியை என்ஜினுக்குள் விட்டு எரிக்கும். எங்கேயாவது கசிவு இருக்கா என்று காரின் கம்ப்யூட்டர் பார்ப்பது, டாங்கின் அழுத்தத்தை அளக்கும் இந்தச் சென்சரை வைத்துத்தான்.

கோட் சொல்வது அறிகுறி மட்டும்

பீ 0452 என்றால் சென்சரின் சிக்னல் வோல்ட் அளவுக்கு மீறிக் குறைவு. 0453 என்றால் அளவுக்கு மீறிக் கூட. சென்சர் பழுதானாலும் இப்படி வரும். வயர் அறுந்தாலும், கனெக்டர் கறள் பிடித்தாலும் இப்படித்தான் வரும். ஸ்காபரோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. டாங்க் பக்கத்து வயர்கள் அதில்தான் நனையுது. 0442, 0455 என்பவை கசிவுக் கோட்கள். அதற்கு முதலில் பெற்றோல் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கோ.

சரியான சோதனை

மூடியைத் திறந்தால் டாங்குக்குள்ளும் வெளிக்காற்றின் அழுத்தம்தான். அப்போது ஸ்கான் கருவி பூச்சியத்துக்குக் கிட்டக் காட்ட வேணும். இல்லையென்றால் கனெக்டரைக் கழற்றி வயர்களை அளக்க வேணும். பெரும்பாலும் மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். அந்த 5 வோல்ட் வராவிட்டால் புதுச் சென்சர் போட்டும் பயனில்லை. மூன்று வயரும் சரி, அளவு மட்டும் பிழை என்றால்தான் சென்சரை மாத்தலாம். சில கார்களில் அதற்கு டாங்கையே இறக்க வேணும். வீட்டில் செய்யும் வேலை இல்லை.

மாத்திய பிறகு கோட்டை அழித்தால் லைட் அணையும். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதேங்கோ. கார் ஆறியிருந்து ஸ்டார்ட் ஆகி, டாங்க் நிரம்பியும் காலியாகவும் இல்லாதபோதுதான் பல கார்கள் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யும்.

கராஜில் கேளுங்கோ

ஒன்ராறியோ சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. அப்பாவுக்குத் தெரிஞ்ச அண்ணையின் கராஜ் எண்டாலும் கேளுங்கோ; அது மரியாதைக் குறைவு இல்லை.

விட்டால் என்ன?

2019 ஏப்ரலில் டிரைவ் கிளீன் சோதனை கார்களுக்கு நிறுத்தப்பட்டது. அதனால் பலர் லைட்டோடேயே ஓடுகிறார்கள். கார் ஓடும்தான். ஆனால் நாளைக்கு என்ஜினில் வேறு பழுது வந்தால், ஏற்கெனவே எரிகிற லைட் அதைத் தனியாகக் காட்டாது. பெற்றோல் மணம் வந்தால் மட்டும் ஒரு நாளும் பிந்த வேண்டாம். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் அந்தக் காரை விடாதேங்கோ. பிள்ளைகள் படுக்கிற அறை அதற்கு மேலேயே இருக்கலாம்.

இன்னொன்று: பம்ப் ‘டக்’ என்று நின்ற பிறகு பெற்றோலைத் திணிக்காதேங்கோ. மிஞ்சினது கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுக்கும்.