கொழகொழப்பில்தான் குணம்

ஐதராபாத்தின் மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில் நாகோல் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் தார்நாகா. உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அரிசியில் எவ்வளவு இரும்புச்சத்து, முருங்கைக்கீரையில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து என்று இந்தியர்கள் சாப்பிடும் பொருள்களை அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கும் நிறுவனம் இது. 2017-ல் வெளியான அதன் அட்டவணையில் 528 உணவுப்பொருள்கள் இருக்கின்றன.

நிறுவனம் பிறந்தது ஐதராபாத்தில் அல்ல, நீலகிரியில். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். 1935-ல் பொறுப்பேற்ற டபிள்யு. ஆர். அய்க்ராய்டும் அவர் குழுவும் அரிசியைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். பச்சரிசியைத் தீட்டினால், பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தால் அந்த வைட்டமின் அரிசியின் உள்ளே ஏறிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் நிறையவே தங்கிவிடுகிறது. நெல் ஒன்றுதான். பக்குவம் மாறினால் பலனும் மாறுகிறது. 1958-ல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து 1969-ல் இப்போதைய பெயரைப் பெற்ற நிறுவனத்தின் முதல் பாடம் இது என்று சொல்லலாம்.

அந்தப் பாடத்தை இன்றைய காலைச் சமையலில் பொருத்திப் பார்க்க ஏற்ற தானியம் ஓட்ஸ். மெட்டுகுடா, லாலாகுடா ரயில்வே குடியிருப்புகளிலும் மாரேட்பள்ளித் தெருக்களிலும் உள்ள தமிழ் வீடுகளில், இட்லியும் பொங்கலும் இருந்த இடத்தில் ஓட்ஸ் பொட்டலம் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. சர்க்கரை கூடினாலும் கொழுப்பு கூடினாலும் "காலையில் ஓட்ஸ் சாப்பிடுங்க" என்ற அறிவுரை வந்துவிடுகிறது. பொட்டலமும் வருகிறது. ஆனால் வாயில் வைத்ததும் அந்தக் கொழகொழப்பு பலருக்குப் பிடிப்பதில்லை. தண்ணீரைக் கூட்டி நீர்க்க வைக்கிறார்கள், அலசி வடிகட்டுகிறார்கள், உதிரி உதிரியாக உப்புமா கிளறுகிறார்கள். உப்புமாவில் தவறில்லை. அலசிக் கொட்டுவதில்தான் நட்டம், ஏனென்றால் மருத்துவர் சாப்பிடச் சொன்னதே அந்தக் கொழகொழப்புக்காகத்தான்.

அதன் பெயர் பீட்டா குளுக்கன். ஓட்ஸ் மணியின் செல் சுவர்களில், குறிப்பாகத் தவிட்டை அடுத்த ஓரப் பகுதிகளில் செறிந்திருக்கும் கரையும் நார்ச்சத்து இது. மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் பிணைந்திருக்கும் விதம் வேறு என்பதால் நம் செரிமான நொதிகளால் அதை வெட்ட முடியாது. வெந்நீரில் கரைந்ததும் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நீரைப் பிடித்து வைக்கின்றன. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் நூல் நூலாக இழுக்குமே, ஏறக்குறைய அதே குணம்.

இந்தக் குழம்பு குடலுக்குள் போனதும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது. மாவுச்சத்திலிருந்து பிரியும் குளுக்கோஸ் குடல் சுவரை அடையவும் நேரமாகிறது. ரத்தச் சர்க்கரை சட்டென்று எகிறாமல் நிதானமாக ஏறுகிறது. இரண்டாவது வேலை இன்னும் சுவாரசியமானது. கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தை உடல் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும். கெட்டியான குழம்பு அவற்றில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. இழப்பை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் வேண்டும். அதற்கான மூலப்பொருள் கொலஸ்ட்ரால். ஈரல் அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது.

ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் கொழுப்பைக் குறைக்க உதவும் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி கொடுத்தது. அதே 3 கிராம் அளவை இந்தியர்களிடம் சோதித்த டெல்லி ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. அதில் நான்கு வாரம் ஓட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட எல்டிஎல் கூடுதலாகக் குறைந்திருந்தது.

கொழகொழப்பையே குறிவைத்துச் சோதித்தவர் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் வோலவர். 2010-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், சங்கிலி நீளமாக இருந்த பீட்டா குளுக்கனை ஒரு சாராருக்கும், சங்கிலி துண்டாகிக் கெட்டித்தன்மை இழந்ததை இன்னொரு சாராருக்கும் கொடுத்தார்கள். பொருள் அதேதான். ஆனால் சங்கிலி துண்டானபோது எல்டிஎல் குறைந்த அளவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆகவே பொட்டலத்தின் பின்புறம் எத்தனை கிராம் நார்ச்சத்து என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. கிண்ணத்துக்கு வரும்போது அது கெட்டியாக இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் ஓட்ஸ் பச்சைத் தானியம் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். 6, 7 சதவீதம் வரை இருக்கும். மணியை நசுக்கியதும் லைப்பேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். அதனால் ஆலையிலேயே ஆவியில் அவித்து நொதியைச் செயலிழக்கச் செய்கிறார்கள். நம் ஊர் புழுங்கல் நெல்லின் பக்குவத்துக்கு ஒருவகையில் பங்காளி முறை. அவித்த மணியை இரண்டு மூன்றாக வெட்டினால் ஸ்டீல் கட் ஓட்ஸ். உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்கினால் ரோல்டு ஓட்ஸ். இன்னும் சன்னமாகத் தட்டி, முன்பே நன்றாக வேகவைத்தால் இன்ஸ்டன்ட் ஓட்ஸ். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு முதல் இரண்டுக்கும் 55-ஐ ஒட்டி இருக்கிறது; இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு அது 75 அளவுக்கு ஏறுகிறது. சர்க்கரையும் செயற்கை மணமும் கலந்து வரும் சிறு பாக்கெட்டுகளை, சர்க்கரை நோய்க்கு மருந்து என்று நம்பி வாங்குவது வருத்தமான விஷயம்.

இனி அடுப்புக்கு வரலாம். ஒருவருக்கு 40 கிராம் ரோல்டு ஓட்ஸ், அதாவது அரை கப், போதும். அதில் சுமார் ஒன்றரை கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை பீட்டா குளுக்கன் கிடைக்கும். ஒரு நாள் தேவையில் பாதிக்குக் குறையாது. அடிகனமான பாத்திரத்தில் அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, சிறு துண்டுப் பட்டையையும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியையும் போடுங்கள். பட்டையின் மணம் தரும் சின்னமால்டிகைடு, தண்ணீரைவிட நெய்யில் எளிதாக இறங்கும். மணம் எழும்பியதும் ஓட்ஸைச் சேர்த்து, நிறம் மாறும் முன் இரண்டு நிமிடம் வறுத்து, பாத்திரத்தை இறக்கிச் சற்று ஆறவிட வேண்டும்.

பிறகு 300 மி.லி. பச்சைத் தண்ணீர். கொதிக்கும் நீரில் ஓட்ஸைக் கொட்டினால் மணிகள் தனித்தனியாக நிற்கும். பச்சைத் தண்ணீரில் தொடங்கிச் சிறு தீயில் சூடேற்றினால், மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் உப்பிக் குழையும் முன்பே பீட்டா குளுக்கன் கரைந்து வெளியே வர நேரம் கிடைக்கிறது. எட்டு பத்து நிமிடம் அவ்வப்போது கிளறினால் கஞ்சி தானாகவே பாயசப் பதத்துக்கு வந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பை மறக்க வேண்டாம். தானியத்தின் இளங்கசப்பை அது அமுக்கி, இனிப்பை முன்னுக்குக் கொண்டுவரும்.

பாலும் வெல்லமும் சேரும் இடத்தில்தான் பலருடைய கஞ்சி திரிந்து போகிறது. வெல்லத்தில் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உண்டு, தாது உப்புகளும் உண்டு. அறைச் சூட்டில் பாலின் கேசின் புரதம் அதைத் தாங்கிக்கொள்ளும். கொதிநிலையில் தாங்காது, சிறிது அமிலம் பட்டாலே புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகிவிடும். வெல்லப் பாயசம் வைக்கும் பாட்டிமார் அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு பால் ஊற்றுவது இதனால்தான். காய்ச்சி ஆறவைத்த பால் 100 மி.லி. ஊற்றுங்கள், வெல்லம் 10 கிராம், கரைத்து வடிகட்டி, கடைசியில். வெல்லம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம், அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பத்து கிராம் எப்படிப் போதும் என்று கேட்பவர்களுக்கு ஏலக்காய் பதில் சொல்லும். பாயசம், கேசரி, அல்வா என்று தமிழ் நாக்கு இனிப்போடு சேர்த்தே பழகிய மணம் அது. அப்படிப் பழகிய மணம் சேரும்போது குறைந்த சர்க்கரையும் கூடுதலாக இனிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஏலக்காயின் வாசனைப் பொருள்கள் சீக்கிரம் ஆவியாகிப் போகும் என்பதால், அடுப்பை அணைத்த பிறகு இரண்டு காயைத் தட்டிப் போட்டு மூடிவைப்பதே சரி.

இளஞ்சூடும் சர்க்கரையை மிச்சப்படுத்தும். நாக்கின் சுவை செல்களில் டிஆர்பிஎம்5 என்ற அயனிக் கதவு இருக்கிறது. 15 முதல் 35 டிகிரி வரை சூடு ஏற ஏற அது கூடுதலாகத் திறந்து, இனிப்பை அழுத்தமாக உணர்த்துகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் காரெல் தலவேரா குழு 2005-ல் இதைக் காட்டியது. குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க ஊறவைத்து அப்படியே சில்லென்று சாப்பிடும் ஓட்ஸுக்கு அதிக இனிப்பு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கஞ்சியின் கதகதப்பில் சுக்குக்கும் பங்கு உண்டு. இஞ்சி உலரும்போது அதன் ஜிஞ்சரால், காரம் கூடிய ஷோகாலாக மாறுகிறது. அது தட்டி எழுப்புவது டிஆர்பிவி1 என்ற ஏற்பியை; உண்மையான சூட்டை உணர்த்துவதும் அதே ஏற்பிதான். அந்த ஏற்பியை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுக்குப் போட்ட கஞ்சி நெஞ்சு வரை கதகதப்பாக இறங்குவதாகத் தோன்றுவதில் கற்பனை ஏதும் இல்லை.

பட்டை விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கடினமான கேசியா பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் உண்டு. தினமும் அதிகமாகச் சேர்ந்தால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம். 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு 2 கிராம் கேசியா வரை சாப்பிடலாம் என்பது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் அளவு. தேக்கரண்டி தேக்கரண்டியாகப் பட்டைப் பொடி தூவச் சொல்லும் சமையல் குறிப்புகளை நம்ப வேண்டாம். தினமும் போடுகிறவர்கள் பல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையைத் தேடி வாங்கலாம்; அதில் கூமரின் மிகக் குறைவு.

"இதற்குக் கேழ்வரகு குடிக்கலாமே" என்ற கேள்வி ஐதராபாத்தில் கட்டாயம் எழும். காலை நடை முடிந்து வருகிறவர்களுக்காகப் பூங்கா வாசல்களில் ராகி ஜாவா என்ற கேழ்வரகுக் கஞ்சி விற்கும் ஊர் இது. தாராளமாகக் குடிக்கலாம். நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் என்கிறது தார்நாகா அட்டவணை. ஓட்ஸ் அதன் கிட்டவே வராது. ஆனால் ஜாவா கெட்டியாவது மாவுச்சத்தால். கண்ணுக்கு ஒரே பதமாகத் தெரிந்தாலும், குடலில் நொதி பட்டதும் அந்தக் கெட்டி நீர்த்துவிடும். ஓட்ஸின் கெட்டி நொதிக்கு மசியாது. கொழுப்பைக் குறைக்கக் கேழ்வரகையும், எலும்புக்கு ஓட்ஸையும் நம்பினால் இரண்டும் முழுதாகக் கைகொடுக்காது. வாரத்தில் முறை வைத்துச் சாப்பிடுவதே நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாதி அளவில் ஆரம்பிக்கலாம், நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் சில நாள் உப்பும். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வயலிலும் ஆலையிலும் ஓட்ஸோடு கோதுமை கலந்துவிடுவது சகஜம்.

ஓட்ஸ் இந்தியாவில் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே பயிராகிறது. பீட்டா குளுக்கனுக்கு உள்ளூர் வழி வேண்டுமென்றால் பார்லி இருக்கிறது, ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவது. அமெரிக்க அரசின் அனுமதி 2006-ல் பார்லிக்கும் நீண்டது. ஓட்ஸில் ஓரத்தில் செறிந்திருக்கும் பீட்டா குளுக்கன், பார்லியில் மணி முழுக்கப் பரவியிருப்பதால் தீட்டிய வெள்ளைப் பார்லியிலும் நிறைய மிஞ்சுகிறது. நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, வெந்த மணியைத் தூக்கிப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். இரவில் ஊறவைத்த பார்லியைக் குக்கரில் குழைய வேகவிட்டு, வடிக்காமல், அதே பட்டை, சுக்கு, ஏலக்காய், ஆறிய பால், கடைசியில் வெல்லம் என்ற வரிசையில் சேர்த்தால் மணியும் தண்ணீரும் சேர்ந்தே கிண்ணத்துக்கு வந்துவிடும்.