தமிழ் எழுத்துக்கு ஒரு நொடி: 80-களின் கம்ப்யூட்டர் திரையில் தமிழைக் கொண்டுவர எதை வாங்குவது?

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் (சேலம் ஆத்தூர் இல்லை, காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கும் ஆத்தூர்) இருந்து ஒருவர் சென்னையில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ‘டேம்ல தண்ணி வந்துருச்சு’ என்று அனுப்புகிறார். இதில் ‘ணி’ என்ற எழுத்தின் படம் எங்கும் பயணம் செய்வதில்லை. இரண்டு எண்கள் மட்டும்தான் போகின்றன. சுழியெல்லாம் போட்டு வரைவது மகனின் போன்.

இதிலென்ன அதிசயம் என்று தோணலாம். 1980-களில் இது காசு போட்டு எடுக்க வேண்டிய முடிவு!

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், தேசிய தகவலியல் மையம் ‘நிக்நெட்’ என்ற செயற்கைக்கோள் வலைப்பின்னலில் மாவட்டத் தலைநகரங்களை இணைக்கத் தொடங்கியது. தமிழ் 1956 முதலே மாநிலத்தின் ஆட்சிமொழி. ஆனால், வந்து இறங்கிய கம்ப்யூட்டர் திரைக்கு ஆங்கிலம்தான் தெரியும்.

எமுலேட்டர்னா என்ன?

அன்று பெரிய கம்ப்யூட்டர் எங்கோ இருக்கும். நம் மேஜையில் இருப்பது திரையும் கீபோர்டும் கொண்ட ‘டெர்மினல்’ மட்டும். 1981-ல் ஐபிஎம் பிசி வந்ததும், தனியாக டெர்மினல் எதற்கு, பிசியையே அப்படி நடிக்க வைக்கலாமே என்று யோசித்தார்கள். அந்த வேஷம்தான் எமுலேட்டர். எந்த வேஷம் என்பதில்தான் சிக்கல்.

எளிதானது விடி100 வேஷம். டெக் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த டெர்மினல் அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கெர்மிட்’ மென்பொருள் இதை இலவசமாகவே செய்தது. ஆனால் திரையில் 80 கட்டம், 24 வரி, எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஆங்கில ‘ஐ’க்கும் ‘டபிள்யூ’வுக்கும் அது போதும். ‘ணௌ’வை அந்தக் கட்டத்துக்குள் அடைத்துப் பாருங்கள்.

அடுத்தது படம் வரையும் டெர்மினல். 1972-ல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 4010 பொறியாளர்களின் செல்லம். 1988-ல் கெர்மிட்டின் டாஸ் பதிப்புக்கும் இந்த வேஷம் வந்துவிட்டது. கோடு வரையலாம் என்றால் தமிழையும் வரையலாம்தானே?

வரையலாம். கணக்கைப் பார்ப்போம். 4010-ல் ஒரு புள்ளியின் முழு முகவரிக்கு 4 பைட். ‘ணி’யின் வளைவுகளுக்கு 30 புள்ளி என்று வைத்தால் 120 பைட். அன்றைய 1200 பாட் மோடம் நொடிக்கு அனுப்புவதும் 120 பைட்தான். ஆக, ஒரு எழுத்துக்கு ஒரு நொடி. மேலே சொன்ன மெசேஜில் 12 எழுத்து, 12 நொடி! புள்ளி மாறாத பகுதியை விட்டு அனுப்பும் சுருக்கு வழி இருந்தது, நேரம் கொஞ்சம் குறையும். தப்பாக அடித்தால் அதுவும் உதவாது. 4010-க்கு ஒரு எழுத்தை மட்டும் அழிக்கத் தெரியாது. திரை முழுக்க அழித்து மறுபடி வரைய வேண்டும்.

பிசியில் எந்த டிஸ்ப்ளே கார்டு இருக்கிறது என்பதும் முக்கியம். 4010-ன் திரை 1024-க்கு 780 புள்ளி. சிஜிஏ கார்டில் மேலிருந்து கீழ் 200 புள்ளிதான், அதாவது நாலு கோடு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சுழி எல்லாம் பொட்டாகிவிடும். 1982-ல் வந்த ஹெர்குலிஸ் கார்டு 720-க்கு 348. வரைபடம் பார்க்கிறவர்கள் அதைத் தேடியதில் ஆச்சரியமில்லை.

ஜிஸ்ட் கார்டு செய்த வேலை

மூன்றாவது வழி இந்தியாவிலேயே பிறந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆராய்ச்சி, புனேயின் சி-டாக் மூலம் ‘ஜிஸ்ட்’ என்ற பெயரில் வெளியே வந்தது. பிசிக்குள் செருகும் கார்டாகவும் தனி டெர்மினலாகவும் கிடைத்தது. யோசனை எளிமையானது: கம்பியில் எழுத்தின் எண் மட்டும் வரட்டும், உருவத்தை இந்தப் பக்கம் வரைந்துகொள்வோம். ‘ணி’க்கு ‘ண’, இகரக் குறி என இரண்டே பைட். அதே மோடத்தில் நொடிக்கு 60 ‘ணி’ வரும். அகலமான எழுத்து கூடுதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். டிபேஸ் போன்ற ஆங்கில டாஸ் மென்பொருட்களில்கூட தமிழ் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. காசு கொடுத்து கார்டு வாங்க வேண்டும். அதே ஃபைலை கார்டு இல்லாத பிசியில் திறந்தால் வெறும் கிறுக்கல். அதனால், மென்பொருளிலேயே தமிழ் காட்டும் ‘ஆதமி’, ‘முரசு’ போன்றவற்றின் பக்கம் பலர் போனார்கள். கார்டு வேண்டாம், செலவு குறைவு. ஆனால் ‘க’வுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள்! ஒரு மென்பொருளில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாத தலைவலி, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகும் முழுசாகத் தீரவில்லை.

ஜிஸ்ட் பயன்படுத்திய ‘இஸ்கி’ குறியீட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. அதன் 1988 பதிப்பின் வரிசையைப் பின்பற்றித்தான் யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள். இன்று போனில் பயணிப்பது அந்த எண்களின் வாரிசுகள்தான்.

வீட்டுப் பரணிலோ அலுவலக பீரோவிலோ பழைய ஃப்ளாப்பி கிடைத்து, அது வாசிக்கும் நிலையிலும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபைல் எதில் அடிக்கப்பட்டது என்பதை. ஏதோ ஒரு ஃபாண்ட் என்றால் அதே ஃபாண்ட்டைத் தேடி அலைய வேண்டும். இஸ்கி என்றால் கவலை குறைவு: விண்டோஸில் அதற்கு 57004 என்று தனி எண்ணே இருக்கிறது.