இம்போர்ட் வரிகளும் பிசிறும்

பைத்தான் கோப்பின் தலைமாட்டில் நிற்பவை இம்போர்ட் வரிகள். வேறு கோப்புகளில் எழுதி வைத்த வேலையை இந்தக் கோப்புக்குள் வரவழைப்பது அவற்றின் பணி. எந்த வரிசையில் எழுதினாலும் பெரும்பாலும் நிரல் ஓடிவிடும். அதனாலேயே அந்த இடம் சீக்கிரம் குப்பையாகிறது.

இத்தகைய குறைகளை, நிரலை ஓட்டாமல் படித்தே சுட்டிக்காட்டும் மென்பொருள் லிண்டர். 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதிய ‘லிண்ட்’ இன்றைய லிண்டர்களுக்கு முன்னோடி. துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறின் ஆங்கிலப் பெயர் அது. தறி ஓடும் சேலம் வட்டாரத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதல் பிசிறு, பயன்படாத இம்போர்ட். கோ மொழியில் அது இருந்தால் நிரல் கம்பைலே ஆகாது. பைத்தான் கண்டுகொள்ளாது, லிண்டர்தான் சொல்ல வேண்டும். லிண்டர் சொன்னதும் அழித்துவிடவும் கூடாது. ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில், நிகழ்வுகளை அறிவிக்கும் சிக்னல்களை இணைப்பதற்காக மட்டும் ஒரு கோப்பை இம்போர்ட் செய்வதுண்டு. பார்வைக்கு வீண் வரி. எடுத்தால் வேலை நின்றுபோகும்.

அடுத்தது வரிசை. 2001இல் வந்த பெப் 8 என்ற பைத்தான் நடைக் கையேடு இம்போர்ட்களுக்கு மூன்று பிரிவு கேட்கிறது. பிரிவுகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. பனமரத்துப்பட்டி மல்லியின் அன்றாட விலையைக் குறித்துவைக்கும் நிரல் என்றால், மொழியோடு வரும் டேட்டைம், ஜேசன் முதலில். வெளியார் எழுதிய ரிக்வெஸ்ட்ஸ், ஓப்பன்-தமிழ் நூலகங்கள் அடுத்து. சொந்தக் கோப்புகள் கடைசியில். பிரிவுக்குள் அகரவரிசையில் அடுக்கும் வேலையை 2013 முதல் ஐசார்ட் என்ற கருவியும், 2022இல் வந்த ரஃப் என்ற கருவியும் தாமே செய்துவிடுகின்றன. பலர் எழுதும் மாற்றங்களை ஒன்றிணைக்கும் கிட் மென்பொருளில் இதன் பலன் தெரியும். இருவர் தனித்தனியே பட்டியலின் அடியில் வரி சேர்த்தால் இணைக்கும்போது மோதும். அகரவரிசையில் அவை பெரும்பாலும் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும்.

தமிழில் பெயர் வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 அதற்கு இடம் தருகிறது. ‘பயிர்’, ‘பனமரத்துப்பட்டி’ என்று இரு சொந்தக் கோப்புகள் இருந்தால், அகராதியில் பயிர்தான் முந்தும்; னகரம் மெய்வரிசையின் கடைசி எழுத்து. ஆனால் யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான எண்கள் தேவநாகரி அடுக்கை ஒட்டி அமைந்தவை. அங்கே னகரம் நகரத்துக்கு அடுத்து, யகரத்துக்கு முன்னால் நிற்கிறது. எண்ணைப் பார்த்து அடுக்கும் கருவி பனமரத்துப்பட்டியை மேலே ஏற்றிவிடும். தமிழ் அகரவரிசைப்படி சொற்களை ஒப்பிடும் செயற்கூறு ஓப்பன்-தமிழில் உண்டு. ஐசார்ட் அதை நாடுவதில்லை. இம்போர்ட் பட்டியலுக்கு அது குறையுமல்ல. எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே வரிசை வந்தால் போதும். திரையில் பயனருக்குக் காட்டும் ஊர்ப்பட்டியலுக்குத்தான் அந்தச் செயற்கூறு வேண்டும்.