தணலடுப்புக்கு உகந்த கரிக்கட்டி எது?

கடுகண்ணாவைப் பகுதிக் கமக்காரரின் வளவுகளில் இரண்டு பொருள்கள் குவிந்து கிடப்பதைக் காணலாம். ஒன்று தேங்காய்ச் சிரட்டை. மற்றையது நெல் உமி. இவ்விரண்டையும் கரியாக்கிக் கட்டியாக வார்த்தால், கோழி, மீன், சோளப்பொத்தி, மரவள்ளிக்கிழங்கு முதலியவற்றை வீட்டு முற்றத்தில் தணலில் வாட்டுவதற்குப் பயன்படுத்தலாம். கொழும்பு–கண்டிப் பெருவீதியை அண்டிய உணவுச்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் விற்கவுங் கூடும். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடையாது நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்திலே, கரியடுப்பின் அருமையைப் பலர் மீண்டும் உணர்ந்தனர்.

எனினும் எல்லாக் கரிக்கட்டியும் ஒரே தன்மையன அல்ல. கடையில் வாங்கும்பொழுது யாவும் கறுப்பாயும் ஒரே அளவினவாயும் தோன்றும். அடுப்பில் இட்டபின்னரே வேறுபாடு புலனாகும். ஆதலின் எதனை எரிப்பது, எதனை எரியாது வயலுக்கு விடுவது என்பதைக் கமக்காரர் முன்னரே தீர்மானித்தல் நன்று.

சிரட்டைக் கரியில் சாம்பல் மிகக் குறைவு. நன்கு சுட்ட ஒரு கிலோ கரி எரிந்து முடிந்தபின் எஞ்சும் சாம்பல் 20 முதல் 30 கிராம் வரையிலேயே இருக்கும். ஒரு கிலோ ஏறத்தாழ 7000 கிலோகலோரி வெப்பந் தரும். தணலும் நெடுநேரம் நிற்கும். முதலாம் உலகப் போரில் நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடிகளுக்குச் சிரட்டைக் கரியைத் தேடிச் சேர்த்தமைக்குக் காரணம் அதன் நுண்டுளைகளும் உறுதியுமாம். இன்றும் எமது நாட்டுச் சிரட்டைக் கரியின் பெரும்பகுதியை, கிளர்வூட்டிய கரி செய்யும் ஆலைகளே வாங்குகின்றன; 1973இல் தொடங்கப்பெற்ற ஹேகார்ப் நிறுவனம் இத்தொழிலில் உலகறிந்தது. எனவே முழுத்துண்டுக் கரிக்கு வாங்குவோர் உண்டு. அதனை இடித்துக் கட்டியாக்குதல் வீண் வேலை. சாக்கின் அடியில் தங்கும் தூளும் நொறுங்கலுமே கட்டிக்கு உரியவை.

மரக்கரி விரைவிற் பற்றும். வேலியோரக் கிளிரிசீடியாவை வெட்டும்பொழுது கிடைக்கும் தடித்த கிளைகளும், கேகாலைப் பக்கத்து இறப்பர் விறகும் இதற்கு உதவும். ஆனால் தணல் நீடியாது. நடுவில் மீண்டுங் கரி இட நேரும். காட்டு மரத்தை இதற்கெனத் தறித்தல் சட்டத்துக்கும் மாறானது.

உமிக்கரிக் கட்டியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் உமி சும்மா கிடக்கிறதே என்று பலரும் இதிலேயே முதலில் இறங்குகின்றனர். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. அவ்வுமியில் மீண்டும் ஐந்திலொரு பங்கு வரையில் சாம்பல். அச்சாம்பலிற் பெரும்பாகம் சிலிக்கா என்னும் மணற்சத்து. உமியைக் கரியாக்கும்பொழுது எரியக்கூடிய பகுதி குறைந்து சாம்பலின் வீதம் மேலும் உயர்கின்றது. ஆகவே ஒரு கிலோ உமிக்கரியை எரித்தால் மூன்றிலொரு பங்குக்கு மேல் சாம்பலாகவே எஞ்சும். அச்சாம்பல் தணலைப் போர்வைபோல் மூடிக் காற்றைத் தடுக்கும். விசிறினாலோ, பறந்து இறைச்சியின் மேற் படியும். கிடைக்கும் வெப்பமும் சிரட்டைக் கரியிற் பாதியளவே. மலிவென்று வாங்கியவர் இரட்டிப்பாக எரிக்க நேர்வதால், அது உண்மையில் மலிவன்று.

இதே உமிக்கரி நாற்றுமேடைக்கு மிக உகந்தது. மண்ணை இளக்கி நாற்றின் வேர் அறாது பிடுங்க உதவும். அதிலுள்ள சிலிக்கா நெற்பயிரின் தண்டுக்கும் இலைக்கும் வலுவூட்டும். கருநிறமாகக் கருகிய நிலையிலேயே நெருப்பை நீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். வெண்சாம்பலாகும்வரை கடுஞ்சூட்டில் எரியவிட்டால் சிலிக்கா இறுகிப் பயிருக்கு எளிதிற் கிட்டாது போகும். பெரும்போக அறுவடையின்பின் ஆலையிற் கிடைக்கும் உமியை இவ்வகையிற் பயன்படுத்துவதே எமது பரிந்துரை.

சிரட்டைக் கரித்தூளிற் கட்டி செய்யும் முறை எளிது. 200 லீற்றர்ப் பீப்பாவில், அடிப்பக்கத்துத் துளைகளாற் காற்றுப் புகும்படி செய்து, உலர்ந்த சிரட்டையைச் சிறிது சிறிதாக இட்டு எரிக்கவும். வெண்புகை குறைந்து மெல்லிய நீலப்புகை தோன்றியதும் துளைகளை மண்ணால் அடைத்து மூடியையும் பூசிவிடவும். மறுநாள் பீப்பா முற்றாகக் குளிர்ந்தபின்னரே திறத்தல் வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கரி மீண்டும் பற்றிக்கொள்ளும். 100 கிலோ சிரட்டைக்கு 30 கிலோ அளவிற் கரி கிடைக்கும். அதிற் சேரும் தூளை அரிதட்டில் அரித்து, ஒரு கிலோவுக்கு 50 முதல் 80 கிராம் வரை மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சிக் கலக்கவும். கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் போதும். துண்டுக் குழாயில் இட்டுக் கட்டையால் நன்றாக இடித்து அழுத்தி வெளியே தள்ளி, வெயிலில் நான்கைந்து நாள் உலர்த்தவும். கூழ் மிகுந்தாற் புகை வரும். களிமண் சேர்த்தாற் கட்டி இறுகும். ஆயின் சாம்பல் பெருகும். எமது பகுதியின் மழையை எண்ணி இவ்வேலையைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்வது புத்தி. உலராத கட்டியை விற்பவர் தண்ணீரை நிறுத்து விற்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

கடையில் வாங்குவோர் ஒரு கட்டியை உடைத்துப் பார்க்கவும். உள்ளும் புறமும் ஒரே கருமையாயின் நன்று; மண்ணிறம் தென்பட்டால் களிமண் அல்லது சுடப்படாத மரத்தூள் கலந்திருக்கலாம். அரைக் கிலோவை எரித்து, ஆறியபின் சாம்பலை நிறுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

கட்டி முழுவதும் சாம்பல் பூத்துப் புகை நின்றபின்னரே உணவை வைக்கவும். சிரட்டைத் தணலின் சூடு கடுமையானது. கம்பித்தட்டை ஒரு சாண் உயர்த்தி வைத்தல் நலம். இங்கே ஓர் எச்சரிக்கை. புகையில்லை என்று மழைநாளில் அடுப்பை வீட்டினுள்ளே கொண்டுவருவோர் உளர். தணலிலிருந்து காபன் ஓரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வெளிப்படுகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவடைத்த அறையில் உறங்குபவர் விழிக்காமலே இறக்க நேரிடும். கரியடுப்பு முற்றத்துக்கு மாத்திரமே உரியது. குளிர்காயவும் அதனை அறைக்குள் வைத்தலாகாது.

சிரட்டைக் கரியின் சாம்பலிற் பொற்றாசியம் உண்டு. அமிலத்தன்மையுள்ள மரக்கறிப் பாத்திகளுக்குச் சிறிதளவு தூவலாம். யூரியா, அமோனியஞ் சல்பேற்று என்பவற்றுடன் கலந்து இட்டால் நைதரசன் காற்றிற் போய்விடும். இரண்டுக்கும் இடையில் சில நாள் விடவும். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டிய அடுப்பின் சாம்பலைக் கீரைப் பாத்திக்கு இடவேண்டாம்.